படகில் ஏறினால் யாராவது ஏதாவது சொல்ல வேண்டாமா?

என் அத்தையும் மாமாவும் வியட்நாம் போய்விட்டு வந்தார்கள். பேக்கேஜ் டூர்தான். வீட்டுக்கு வந்த அன்று ஹனோய் நகரம், சாப்பாடு, அங்கே சாலையைக் கடக்கும் விதம் எல்லாம் சேர்த்து அத்தை பேசியது ஐந்து நிமிடம். ஹாலோங் விரிகுடாவைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம்!

காலையில் படகில் ஏற்றி மாலையில் இறக்கிவிட்டார்களாம். கடலுக்குள் பச்சைத் தொப்பி போட்ட மாதிரி ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாறைத் தீவுகள். 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அழகைப் பற்றி அத்தை சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அதைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆச்சரியம் வேறு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என் அத்தை, அந்தப் பாறைகள் எப்படி உண்டாயின என்று எனக்குப் பாடம் நடத்தினார்.

"அது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுடா. மழைத்தண்ணி காத்துல இருக்கற கரியமில வாயுவைச் சேர்த்துக்கிட்டு லேசா புளிப்பாயிடுமாம். அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கரைச்சுக் கரைச்சு, மலை கோபுரம் கோபுரமா நின்னுச்சாம். அப்புறமா பனி உருகி, கடல் ஏறி, நடுவுல தண்ணி நிரம்பிடுச்சாம். அதனாலதான் ஒவ்வொரு பாறைக்குள்ளயும் குகை."

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். "படகுல ஒரு பொண்ணு மைக் வச்சுக்கிட்டுச் சொல்லிட்டே வந்துச்சே!" என்றார். ஹாலோங் என்றால் 'இறங்கி வரும் டிராகன்' என்று அர்த்தம் சொன்னதும் அந்தப் பெண்தான். இரண்டு லட்சம் டாங் நோட்டை எல்லோரையும் பையிலிருந்து எடுக்கச் சொல்லி, அதில் அச்சடித்திருக்கும் பாறையையும் எதிரே நிற்கும் பாறையையும் ஒத்துப் பார்க்கச் சொன்னதும் அவள்தான். அத்தைக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக அத்தை கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நம்ம ஊர்லதான் கடல் இருக்கு, கழி இருக்கு, படகு இருக்கு. ஒரு நாள் போயிட்டு வரலாமா?"

போனோம். செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு படகுத்துறை. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லவரும் குறை அந்த ஓர் இடத்தின் குறை அல்ல. இதுவரை நான் ஏறிய படகுகள் எல்லாவற்றிலும் இருந்த குறை.

டிக்கெட் எடுத்தோம், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். மோட்டார் படகு கிளம்பியது. பத்து நிமிடம் நேராகப் போனது, திரும்பியது. மோட்டார் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. முன்வரிசையில் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. படகு ஓட்டியவரைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, அங்க இடுப்பளவு தண்ணியில குனிஞ்சுக்கிட்டு நிக்கறாங்களே, என்ன தேடறாங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். யாரோ தன்னிடம் கேள்வி கேட்டதே அவருக்கு அதிசயமாக இருந்தது போல.

"எறா தடவறாங்கம்மா. இருளர் ஜனங்க. வலை கிடையாது, தூண்டி கிடையாது, வெறும் கைதான். பனையோலைப் பறியை வாயில கடிச்சுக்கிட்டு இருப்பாங்க. புடிக்கறதை அதுல போட்டுக்குவாங்க."

"சேத்துக்குள்ள கையை விட்டா புடிக்கிறாங்க?"

"ஆமா. எறா கடல்லதான் முட்டை போடும். குஞ்சுங்க இந்த முகத்துவாரம் வழியா உள்ள வந்து இங்க வளரும். முகத்துவாரம் மண்ணு அடைச்சுக்கிச்சுன்னா எறாவும் வராது, மடவையும் வராது. எங்களுக்கும் அவங்களுக்கும் அன்னிக்குச் சோறு கிடையாது."

அத்தை விடவில்லை. தெற்கே போகும் கால்வாயைக் காட்டி அது என்ன என்றார். "பக்கிங்காம் கால்வாய்ம்மா. எங்க தாத்தா காலத்துல இதுல உப்பு, விறகெல்லாம் ஏத்திக்கிட்டு மெட்ராஸ் போவாங்க. காத்து இருந்தா பாய். இல்லன்னா கழி ஊனித் தள்ளறது. அதுவும் முடியலன்னா கரையில இறங்கிக் கயிறு கட்டி இழுக்கறது..."

செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் இப்போது போனை இறக்கிவிட்டு இவர் பக்கம் திரும்பியிருந்தது. அதற்குள் படகு துறைக்கு வந்துவிட்டது. அடுத்த கூட்டம் காத்திருந்தது. "சீக்கிரம் இறங்குங்க" என்று கரையிலிருந்து விசில். அவ்வளவுதான்!

பஸ்ஸில் வரும்போது அத்தை சொன்னார்: "அந்த அண்ணன் பேசின அஞ்சு நிமிஷம்தான்டா நமக்குக் கிடைச்ச படகு சவாரி."

நான் சொல்ல வருவதும் இதைத்தான். நம்மிடம் நீர் இருக்கிறது, படகு இருக்கிறது, சொல்லத் தெரிந்த ஆளும் இருக்கிறார். அவரைப் பேசவைக்க மட்டும் யாரும் யோசிக்கவில்லை. படகு சவாரி என்றால் தண்ணீர் மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவது என்றே முடிவு செய்துவிட்டோம்.

இப்படித்தான் எப்போதும் இருந்ததா? இல்லை. ஒரு காலத்தில் மாமல்லபுரம் போவதே படகில்தான். 1934-இல் பாரதிதாசன் தன் நண்பர்களோடு சென்னையிலிருந்து இந்தக் கால்வாய் வழியாகப் படகில் மாமல்லபுரம் போய்வந்தார். கூட வந்தவர்களில் ப.ஜீவானந்தம், குத்தூசி குருசாமி எல்லாம் உண்டு. அந்தப் பயணத்திலிருந்து பிறந்த கவிதைதான் 'மாவலிபுரச் செலவு'. தமிழில் படகுச் சுற்றுலாவைப் பற்றி ஒரு நல்ல கவிதை இருக்கிறது, அந்தப் படகுதான் இப்போது இல்லை!

கால்வாயின் கதையே ஒரு நாள் முழுக்கச் சொல்லலாம். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் போகத் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. பிறகு அரசு எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போனது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி வேலையாக, நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பெயர் எதற்கும் வரவில்லை. வடக்கே பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம், மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். ரயிலும் லாரியும் வந்து, 1960-களின் புயல்கள் கரையை உடைத்து, தூர் வாருவதும் நின்றுபோய், படகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சென்னைக்குள் அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டாயிற்று. நாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது மேற்கே பார்த்தால் பல இடங்களில் தெரிகிற அந்த நீர்தான் இது. சாக்கடை என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறோம். (பல இடங்களில் சாக்கடையாகவே ஆக்கிவிட்டோம் என்பதும் உண்மை.)

"ஹாலோங்கோடு இதை ஒப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். தோற்றத்தில் ஒப்பிட முடியாதுதான். நம் கரையில் சுண்ணாம்புக் கோபுரங்கள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அங்கே பாறையைச் செதுக்கியது மழை. இங்கே பாறை கருங்கல். மழையில் அப்படிக் கரையாது. அதனால்தான் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் பல்லவர்களின் சிற்பிகள் உளியை எடுக்க வேண்டியிருந்தது. அங்கே இயற்கை பல லட்சம் வருடங்களில் செய்ததை இங்கே மனிதர்கள் சில தலைமுறைகளில் செய்தார்கள். ஹாலோங்குக்குப் பத்து வருடம் முன்னால், 1984-லேயே, மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. இதைப் படகில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரிடம் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?

இன்னொன்று. மாமல்லபுரத்தை நாம் எல்லோரும் பார்ப்பது கரையிலிருந்து. ஐரோப்பிய மாலுமிகள் அதைப் பார்த்தது கடலிலிருந்து. கரையோரம் தெரிந்த கோபுரங்களை அடையாளமாக வைத்து 'செவன் பகோடாஸ்' என்று பெயர் வைத்தது அவர்கள்தான். ஏழில் ஒன்றுதான் மிச்சம், ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதை அப்படித்தான் வளர்ந்தது. 2002-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஓர் ஆங்கிலேயக் குழுவும் சேர்ந்து மூழ்கிப் பார்த்தபோது, கடற்கரைக் கோயிலுக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் சுவர் போன்ற கட்டுமானங்களும் சிதறிய கற்களும் இருப்பதைக் கண்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன்னால் கடல் உள்வாங்கியபோது வரிசையாகப் பாறைகள் தெரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். அடுத்த வருடம் சாளுவன்குப்பத்தில் மணலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய முருகன் கோயிலின் அடித்தளம் வெளியே வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குகிறோம்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது, "படகில் போவதே நிம்மதிக்காக. அங்கேயும் ஒருவர் மைக்கில் கத்த வேண்டுமா?" நியாயமான கேள்வி. எனக்கும் கத்தும் கைடுகளைப் பிடிக்காது. ஆனால் நல்ல கைடு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவர். எங்கள் படகுக்காரர் மைக் இல்லாமல்தான் பேசினார். கேட்டதற்குத்தான் பதில் சொன்னார். பாதிச் சவாரியில் அவர் சும்மா இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, "ஜனங்கள் கேட்பது வேகப் படகும் சாப்பாடும்தான்." இருக்கலாம். முட்டுக்காட்டில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. 2025-இல் அங்கே இரண்டு அடுக்கு மிதக்கும் உணவகக் கப்பலும் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களுக்கு அது நல்ல இடம்தான். ஆனால் கேட்காததை ஜனங்கள் எப்படி விரும்புவார்கள்? செல்ஃபி எடுத்த அந்தக் குடும்பமும் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் பார்த்ததே!

மூன்றாவதுதான் கனமான வாதம். என் வகுப்பில் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்திலிருந்து வரும் நண்பன் ஒருவன் சொன்னது. "டூரிஸ்ட் படகு அதிகமானா எங்க வலைதான் அறும். சத்தத்துல மீன் ஒதுங்கும். கழியில எறா தடவறவங்களை ஓரம் போகச் சொல்லுவாங்க. இது நல்லா இருக்குன்னு நீ எழுதுவே, நாங்க அனுபவிக்கணும்." அவன் சொன்னதும் எனக்குக் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அந்த நீரை நாம் 'காட்சி' என்கிறோம். அவர்களுக்கு அது வயல். இன்னொருவர் வயலுக்குள் படகு ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்ற நினைப்பு நமக்கு இருக்க வேண்டும்.

ஆனால் அவன் சொன்னதிலிருந்தே எனக்கு ஒரு வழியும் தெரிகிறது. பெரிய படகு, பெரிய கம்பெனி என்று போனால் அவன் பயப்படுவதுதான் நடக்கும். சிறிய படகு, பத்துப் பேர், ஓட்டுகிறவரும் சொல்கிறவரும் அந்தக் கரை ஊர்க்காரர், வருமானம் அந்த ஊர் சங்கத்துக்கு என்றால் கதை வேறு. எங்கே வலை கிடக்கிறது, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். எறா தடவுகிறவர்கள் நிற்கிற இடத்தில் மோட்டாரை அணைத்துவிட்டுத் தள்ளிப் போவார். முகத்துவாரம் அடைபட்டால் ஏன் ஊரே கவலைப்படுகிறது என்பதை அவர் சொன்னால், கேட்கிறவர்களும் அடுத்த முறை அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்தால் படிக்காமல் தாண்டமாட்டார்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், இருட்டிய பிறகு ஓட்டிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர். அத்தை புகழ்ந்த அதே ஹாலோங்கிலும் 2025 ஜூலை 19-இல் திடீர்ப் புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே இருப்பதெல்லாம் சரி, இங்கே இருப்பதெல்லாம் தவறு என்று நான் எழுதவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதது, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், வானம் கறுத்தால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகைக் கட்டிப்போடுவது, இருட்டுமுன் கரைக்கு வருவது... இந்த நான்கும் இல்லையென்றால் எந்தக் கதையும் கேட்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நாள் முழுவதும் போகும் பயணத்தையே நிறுத்திவிடலாம். இங்கேயும் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. காற்று மாறுவதை முதலில் கவனிப்பவர் அவர்தானே?

ஆகவே நான் கேட்பது இரண்டே விஷயம்.

முதலாவது, பெரிய செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது. இப்போது ஓடும் படகுகளில், அது முட்டுக்காடோ முதலியார்குப்பமோ, படகு ஓட்டுகிறவருக்கு நாலு விஷயம் சொல்ல நேரமும் அதற்கு ஒரு தனிப்படியும் கொடுங்கள். அவருக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். தெரியாத சரித்திரத்துக்கு நம் கல்லூரிகளில் சரித்திரம் படிக்கிறவர்கள் போய் நாலு வகுப்பு எடுக்கலாம். பதிலுக்கு அவர்களிடம் நாலு வகுப்பு கேட்டுக்கொண்டு வரலாம். மாமல்லபுரத்தில் உரிமம் பெற்ற கைடுகள் கல்லைப் பற்றிச் சொல்கிறார்கள். அதேபோல நீரைப் பற்றிச் சொல்லவும் ஆள் வேண்டும்.

இரண்டாவதுக்குக் காலம் ஆகும். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கால்வாய் வழியாக ஒரு பகல் படகு. சுமார் 20 கிலோமீட்டர். காலையில் ஏறி, கோவளத்தைத் தாண்டும்போது 1752-இல் அங்கிருந்த கோட்டையையும் நம் செங்கல்பட்டுக் கோட்டையையும் ராபர்ட் கிளைவ் பிடித்த கதையைக் கேட்டுக்கொண்டு, மதியம் மாமல்லபுரத்தில் இறங்கி, சிற்பங்களைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம். தூர் வார வேண்டும், கழிவுநீரைத் தடுக்க வேண்டும், தாழ்ந்த பாலங்களைப் பார்க்க வேண்டும். சுலபம் இல்லை என்று தெரியும். ஆனால் இந்தக் கால்வாய் 2008-லேயே தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் அது இன்னும் படகு போகும் வழிதான்!

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை இந்தக் கரையில் படகு ஏறினால், போனைப் பையில் வைத்துவிட்டு ஓட்டுகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணா, முகத்துவாரம் இப்போ திறந்திருக்கா?" என்று கேட்டாலே போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அத்தை அடுத்த மாதம் மறுபடியும் போகலாம் என்கிறார். அந்த அண்ணன் பாதியில் விட்ட கயிறு இழுக்கும் கதை அவருக்கு முழுசாகத் தெரிய வேண்டுமாம். இந்த முறை அடுத்தடுத்து இரண்டு சவாரிக்கு டிக்கெட் எடுத்துவிடுவதாக முடிவு :-)